ஐந்து நூல் சிலிண்டர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்க்க வந்தால் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். எந்த வண்டிக்கு எந்தப் பார்ட் வாங்கலாம், எங்கே நல்ல சரக்கு கிடைக்கும் என்று. அதற்கு நான் எதற்கு? போனில் வண்டியின் பெயரை அடித்தால் படத்தோடு வருகிறது. பட்டறையை மூடிவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் கிழவனிடம் கேட்க வேண்டியது வேறு. நான் எதைத் தப்பாகச் செய்தேன் என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். இது பெருமைப்படும்படியான சமாச்சாரம் இல்லை. நடுவில் எழுந்து டீ குடிக்கப் போகிறவர்கள் இப்போதே போய்விடலாம்.

இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ இருக்கும். திருப்பூரில் ஆர்டர் கொட்டிக்கொண்டிருந்த வருடங்கள். முப்பது வயது தாண்டாத பனியன் கம்பெனி முதலாளிகள் ஆசைப்பட்ட வண்டியையெல்லாம் எங்கிருந்தாவது இறக்கினார்கள். தாராபுரம் ரோட்டில் என் பட்டறை. ஆறு பேர் வேலை செய்தோம். அதில் வண்டியை ஓட்டிப் பார்த்து இது சரி, இது சரியில்லை என்று சொல்லும் ஆள் அருள்ராஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அவர் மனைவி ஒரு கம்பெனியில் டெய்லராக இருந்தார். அருள்ராஜ் பெடலில் காலை வைத்தால் அரை விரல் உயரம் குறைந்திருந்தாலும் சொல்லிவிடுவார். நானே பல தடவை அளந்து பார்த்து வாயடைத்துப் போயிருக்கிறேன்.

மோகன் என்று ஒரு இளம் முதலாளி. அவரிடம் ஜப்பானில் இருந்து வந்த வேக வண்டி ஒன்று இருந்தது. டர்போ எஞ்சின், போட்டியில் ஓட்டுகிற மாதிரி கனமான கிளட்ச். ஒரு வெள்ளிக்கிழமை அதை டோ பண்ணிக் கொண்டுவந்து விட்டார்கள். கிளட்ச் பெடல் போனது போனபடி தரையில் கிடந்தது. பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலைத் தள்ளி கிளட்ச்சைப் பிரித்துவிடுகிற சாமான் அது. உள்ளே துரு ஏறி, கோடு விழுந்து, ரிப்பேருக்கே லாயக்கில்லாமல் இருந்தது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

ஒரிஜினல் வெளிநாட்டில் இருந்து வர மூன்று வாரம் ஆகும் என்றேன். மோகன் குதிக்கவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் நிமிர்ந்து நின்றிருப்பேன். அவர் பணிவாகப் பேசியே காரியத்தை முடிக்கிறவர்.

"வியாழக்கிழமை வெளிநாட்டுல இருந்து பையர் வர்றாருங்க. அவருங்க ஊர்ல ரேஸ் ஓட்டுன மனுசன். ஒவ்வொரு மெயில்லயும் இந்த வண்டியத்தான் கேப்பாரு. ஏர்போர்ட்டுல இருந்து இதுலதான் கூட்டிட்டு வரோணும்னு ஆசைங்க. பாத்துச் செஞ்சு குடுங்க, உங்களால முடியாததுங்களா?"

உங்களால் முடியாததா என்று யாராவது கேட்டால் உடனே இரண்டடி பின்னால் தள்ளி நில்லுங்கள். நான் நிற்கவில்லை. மறுநாளே கோயம்புத்தூரில் எனக்குப் பழக்கமான ஸ்பேர் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்கார பாய் இரண்டு சிலிண்டரை எடுத்து மேஜையில் வைத்தார். இரண்டும் நம் வண்டியில் போல்ட் ஓட்டை சரியாக உட்காரும். ஒன்று புத்தம் புதியது, உள் விட்டம் ஆறு நூல், அதாவது முக்கால் அங்குலம். இன்னொன்று ஐந்து நூல். வண்டியில் இருந்த அசல் அளவும் அதுதான். ஆனால் அதன் அட்டைப்பெட்டி வெளுத்துப்போய் மூலை பிய்ந்திருந்தது.

பாய் எதையும் மறைக்கவில்லை. ஐந்து நூல் சாமான் நாலு வருடமாக அலமாரியில் கிடக்கிறது, ரப்பர் காய்ந்து செத்திருக்கும், இதற்கு ரப்பர் கிட்டும் தன்னிடம் இல்லை, அவசரமில்லை என்றால் மூன்று வாரம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டார். அவர் மேல் ஒரு சொல் குற்றம் சொல்ல முடியாது. கேட்டதற்கு மேலேயே சொன்ன மனிதர்.

அளவு சரி, ரப்பர் பழசு. ரப்பர் புதுசு, அளவு ஒரு நூல் பெரிசு. இதுதான் என் முன்னால் இருந்த கணக்கு. பட்டறைக்குக் கொண்டுவந்து அன்று மதியம் முழுக்க இதையே யோசித்தேன். ஒரு நூல்தானே என்று யாரும் நினைக்காதீர்கள். விட்டம் பெரிதானால் பெடல் கல்லாகிவிடும். ஒரு மிதிக்குப் போக வேண்டியதைவிட அதிகமாக ஆயில் போகும், கிளட்ச்சுக்குள் விரல் போல நீண்டிருக்கும் பட்டைகளை வேண்டாத தூரத்துக்குத் தள்ளும். கனமான கிளட்ச்சில் அது நாலே நாளில் வேறு எதையாவது ஒடிக்கும். அந்த ஆறு நூல் சாமானைத் தள்ளி வைத்தபோது எனக்கே என்னைப் பார்த்து ஒரு மெச்சல். வேறு பட்டறையாக இருந்தால் பளபளப்பைப் பார்த்து அதை மாட்டியிருப்பான், நாம் அளந்து பார்த்து ஒதுக்கினோம் என்று.

ஒன்றைச் சரியாகச் செய்துவிட்ட திருப்தி இருக்கிறதே, அதைப்போல ஆளைக் கவிழ்ப்பது வேறில்லை. அந்தக் கையோடு அடுத்த வேலையைக் கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடுவோம்.

அருள்ராஜ் இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேஜையிலேயே வைத்துவிட்டார். "ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி. மூணு வாரம் நின்னா நிக்கட்டுமே, வண்டி என்ன சோறா கேக்குது?" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துக்கொண்டே ஐந்து நூல் சாமானை எடுத்தேன்.

அதன் பிஸ்டன் நகரவில்லை. காய்ந்த ரப்பர் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. அப்போது நான் செய்த காரியத்தைத் திருப்பூருக்கு வெளியே எந்த மெக்கானிக்கும் செய்திருக்க மாட்டான்.

நிட்டிங் மெஷினின் ஊசிகளுக்குப் போடும் நீடில் ஆயிலை உங்களுக்குத் தெரியும். தண்ணீர் போல வெள்ளையாக இருக்கும், துணியில் பட்டாலும் துவைத்தால் போய்விடும். இந்த ஊரில் அது இல்லாத இடம் இல்லை. கதவு கீல், சைக்கிள், தையல் மெஷின், ஃபேன், பூட்டு, எல்லாவற்றுக்கும் அதுதான். என் பட்டறையிலும் ஒரு கேன் எப்போதும் இருந்தது. பிரேக்குக்கோ கிளட்ச்சுக்கோ உள்ள ரப்பரில் எண்ணெய் படக்கூடாது, பட்டால் ஊதி உப்பிவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பிரேக் ஆயில் என்று நாம் பெயர் வைத்திருந்தாலும் அது எண்ணெய் ஜாதியே இல்லை என்று புது ஆட்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். எஞ்சின் ஆயில் கையோடு யாராவது அந்த ரப்பரைத் தொட்டிருந்தால் அறைந்தே இருப்பேன். ஆனால் நீடில் ஆயிலை நாங்கள் எண்ணெயாகவே நினைத்ததில்லை. கறை பிடிக்காது, நாற்றம் கிடையாது. அது எங்களுக்குத் தண்ணீருக்கு அடுத்தபடி.

சிலிண்டரில் அதை நிறைய ஊற்றி ஒரு நாள் ஊறவைத்தேன். பிஸ்டன் இளகியது. முன்னும் பின்னும் பத்து இருபது தடவை தள்ளினேன், வழவழவென்று வந்தது. வெளியே நன்றாகத் துடைத்தேன். உள்ளே துடைக்கவில்லை. திங்கட்கிழமை மாட்டி, பிரேக் ஆயில் நிரப்பி, குழாயில் நின்ற காற்றை எடுத்து முடித்தோம். அருள்ராஜ் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, ஊத்துக்குளி வெண்ணெய் கணக்காக இருக்கிறது என்றார். மோகன் ஊரில் இல்லை, புதன்கிழமைதான் வண்டி வேண்டும் என்றிருந்தார். அதனால் வண்டி இரண்டு நாள் ஷெட்டில் நின்றது.

இந்த இடத்தில் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த வண்டியில் கிளட்ச்சுக்கும் பிரேக்குக்கும் ஆயில் டப்பா ஒன்றேதான். டப்பாவில் இருந்து ஒரு குழாய் பிரேக்குக்குப் போகும், ஒன்று கிளட்ச்சுக்கு வரும். சிலிண்டருக்குள் தங்கிய எண்ணெய் மெல்ல மேலேறி அந்த டப்பாவுக்குப் போய், அங்கிருந்து பிரேக்குக்கும் இறங்கியிருந்தது.

புதன்கிழமை காலை பானெட்டைத் திறந்து ஆயில் மட்டம் பார்த்தேன். டப்பாவின் மூடிக்குள் ஒரு ரப்பர் இருக்கும். திங்கட்கிழமை அது தட்டையாக, தன் இடத்தில் இருந்தது. அன்று அதன் ஓரம் அலையலையாக நெளிந்து நின்றது. மூடியைத் திருகினால் உட்காராமல் பிதுங்கிக்கொண்டு வந்தது.

என் வாழ்க்கையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கிற இடம் இதுதான். ரப்பர் இரண்டே நாளில் தானாக வளராது. அது ஏன் என்று பார்த்த கணமே எனக்குத் தெரியும், ஆனால் தெரிந்துகொள்ள நான் நேரம் கொடுக்கவில்லை. சரியாக அப்போது மோகன் மூன்றாவது தடவையாகப் போன் செய்தார். பதினோரு மணிக்கு வண்டியைக் கம்பெனிக்கு அனுப்பிவிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்துக்கொண்டே, இடது கைக் கட்டை விரலால் ரப்பரை உள்ளே அமுக்கி, மூடியை இறுக்கிவிட்டேன். அரை நிமிடம் இருக்கும். வண்டியைக் கொடுப்பதற்கு முன்னால் ரோட்டில் ஒரு நடை ஓட்டிப் பார்த்துவிடச் சொல்லி அருள்ராஜைக் கூப்பிட்டேன். கிளட்ச் சரிதானே அண்ணாச்சி என்று கேட்டார். சரிதான் என்றேன். சாவியை வாங்கிக்கொண்டு போனார்.

அவிநாசிபாளையம் வரை போய்த் திரும்பியிருக்கிறார். போகும்போது ஒன்றும் இல்லை. திரும்பும்போது வண்டி கனமாக இழுத்திருக்கிறது. பிரேக்குக்குள் இருந்த ரப்பரும் உப்பி, பிரேக்கை விடாமல் பிடித்திருக்கிறது, சக்கரமெல்லாம் சூடேறி பிரேக் ஆயிலே கொதித்திருக்கிறது. ஏதோ சரியில்லை என்று ஓரங்கட்டுவதற்காகப் பிரேக்கை மிதித்தபோது பெடல் நேராகத் தரைக்குப் போயிருக்கிறது. முன்னால் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்த ஏழெட்டுப் பேர். அவர் ஸ்டியரிங்கை ஒடித்துப் புளியமரத்தில் கொண்டுபோய் வைத்தார். நின்றவர்கள் ஒருவருக்கும் கீறல் இல்லை. அவருடைய இடது காலை மறுநாள் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னது என் தவறு. இனிமேல் சொல்வது என் குற்றம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவையும் சொல்கிறேன்.

வண்டியைப் போலீஸ் ஸ்டேஷன் வளாகத்தில் போட்டிருந்தார்கள். பார்க்கப் போனேன். முன்பக்கம் நொறுங்கி, ஆயில் டப்பா உடைந்து காலியாகத் தொங்கியது. மூடி மட்டும் முழுசாக இருந்தது. திருகி எடுத்தேன். ரப்பர் தோசைக்கு ஊற்றிய மாவு போலப் பரந்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தது. காவலுக்கு நின்ற ஏட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அந்த ரப்பரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

விபத்து வண்டியைச் சோதிக்க ஆர்.டி.ஓ. ஆபீசில் இருந்து பிரேக் இன்ஸ்பெக்டர் வந்தார். நொறுங்கிய வண்டியில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. என்ன வேலை பார்த்தீர்கள் என்று என்னைக் கேட்டார். "கிளட்ச் சிலிண்டர் மாத்தினோமுங்க. பிரேக்ல கையே வெக்கலீங்க" என்றேன்.

அதில் ஒரு சொல் பொய்யில்லை. அதனாலேயே அது நான் வாழ்நாளில் சொன்ன பெரிய பொய். அவர் எழுதிக்கொண்டார், வழக்கு அருள்ராஜ் பெயரில் பதிவானது. மிஞ்சிய வேலையை ஊர் பார்த்துக்கொண்டது. வேக வண்டி, ஆசையில் மிதித்துவிட்டான் என்று டீக்கடையில் பேசினார்கள். மோகன் பழங்களோடு ஆஸ்பத்திரிக்குப் போய், பழக்கமில்லாத வண்டி, யாருக்கும் நடக்கும் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். அருள்ராஜின் மச்சினன் லாரி டிரைவர். அவர் ஊரில் இருந்து வந்து கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு, பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் வித்தியாசம் தெரியாமலா இத்தனை வருடம் ஓட்டினீர்கள் என்று கேட்டிருக்கிறார். கால் போன ஆளிடம்.

நான் எட்டு நாள் அந்தப் பக்கம் போகவில்லை. ஸ்டேஷன், இன்சூரன்ஸ் என்று சாக்குச் சொன்னேன். ஒன்பதாம் நாள் போனேன். பார்வையாளர் நேரம், மாலை நாலு மணி. என்னைப் பார்த்ததும் எழுந்து உட்கார முயன்றார். முடியவில்லை. எதை எதையோ பேசினோம். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, மனைவிக்குக் கேட்டுவிடாதபடி சொன்னார்.

"அண்ணாச்சி, நான் பிரேக்கத்தான் மிதிச்சேன், பெடல் அப்படியே கீழ போயிட்டுன்னுதான் எனக்கு ஞாவகம். ஆனா நீங்க பிரேக்ல கையே வைக்கலன்னு சொன்னியளாமே. அப்ப நாந்தான் கிளட்ச்ச மிதிச்சிருக்கேன். பட்டறைக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

என் சொல்லை நம்பி அவர் தன் காலைச் சந்தேகப்பட்டிருந்தார். அந்த நிமிடமே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. "விடுங்க அருளு, அதெல்லாம் எதுக்கு இப்ப" என்று அவர் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். தட்டிக் கொடுத்தேன்! அந்தக் கையை இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

அன்றும் ஒரு நப்பாசை எனக்கு விடவில்லை. ஒருவேளை ரப்பரே கெட்ட சரக்காக இருந்திருக்கலாம், நீடில் ஆயில் காரணமாக இல்லாமல் இருக்கலாம். அதே மாதிரி ஒரு புது ரப்பரை வாங்கிவந்து, ஒரு டம்ளரில் நீடில் ஆயில் ஊற்றி அதில் போட்டு, பட்டறை அலமாரியில் பூட்டி வைத்தேன். கடவுளை அவ்வளவு வேண்டியது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. இரண்டு நாள் கழித்துத் திறந்தேன். ஓரம் அலையலையாக நெளிந்திருந்தது. புதன்கிழமை காலை என் விரலுக்குக் கீழே இருந்த அதே ரப்பர்.

பன்னிரண்டாம் நாள் நாலு மணிக்குப் போனேன். பையில் இருந்த ரப்பரையும், டம்ளரில் ஊறியதையும், எதிலும் படாத புது ரப்பர் ஒன்றையும் அவர் படுக்கையில் வரிசையாக வைத்தேன். நீடில் ஆயிலில் ஊறவைத்ததில் இருந்து போலீஸ் ஸ்டேஷன் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் மெக்கானிக்தான். பாதி சொல்லும்போதே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்றையும் எடுத்து விரலால் தடவிப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பம் தெரியும்?" என்று மட்டும் கேட்டார்.

சாவி கொடுப்பதற்கு முன்னால் மூடியைப் பார்த்தேன் என்றேன். அதையும் மறைத்திருக்கலாம். மறைத்தால் இன்னொரு தடவை இதே கட்டிலுக்கு வர வேண்டியிருக்கும் என்று தோன்றியது.

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அந்த ரப்பரை என் முகத்தில் எறிவார் என்று எதிர்பார்த்தேன். அதெல்லாம் செய்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாகியிருக்கும். அவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"என்ட்ட சொன்னது பத்தாது. இவட்ட சொல்லுங்க. நாளைக்கு இவ தம்பி திரும்ப வாரான், அவன்ட்டயும் சொல்லுங்க. என்னயப் பாக்க யாரு யாரு வந்தாவளோ அத்தன பேருட்டயும் நீங்கதான் சொல்லணும்."

சொன்னேன். அவர் மனைவி கேட்டுவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை ஸ்டேஷனுக்குப் போய் எழுதிக் கொடுத்தேன். அங்கே வந்த பிரேக் இன்ஸ்பெக்டர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, இத்தனை நாள் எங்கே போயிருந்தீர்கள் என்றார். வழக்கு என் பெயருக்கு வந்தது. அருள்ராஜ் பெயர் அதிலிருந்து போயிற்று. ஒற்றைக் காலோடு இருக்கிறவருக்கு அதனால் என்ன லாபம் என்று என் தம்பியே கேட்டான்.

அந்த வாரம் முழுக்க தினமும் நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருந்தேன். கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். யார் வந்தாலும் அருள்ராஜ் முதலில் என்னைப் பார்ப்பார். நான் சொல்வேன். மச்சினனிடம் சொன்னேன். அவர் என் சட்டையைப் பிடித்தார், அருள்ராஜ் விடச் சொன்னார். பட்டறை ஆட்கள் நாலு பேரிடமும் சொன்னேன், அதில் இருவர் அடுத்த மாதமே வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். அருள்ராஜ் குடும்பம் போகிற சர்ச்சில் இருந்து வந்த பெரியவரிடம் சொன்னேன். மோகன் வந்தபோது சொன்னேன். அவர் பாதியில், சரிங்க விடுங்க, நடந்தது நடந்துபோச்சு என்றார். விட முடியாதுங்க, முழுசாகக் கேளுங்கள் என்று கடைசி வரைக்கும் சொன்னேன். முதல் இரண்டு நாள் வாய் குழறியது. போகப் போக வரிசையாக வந்தது. அப்படி வரிசையாக வர ஆரம்பித்தது எனக்கே அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கு நர்ஸ் வந்து நேரமாகிவிட்டது என்றார். அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். செவ்வாய்க்கிழமை அவரை ஊருக்குக் கூட்டிப்போவதாக ஏற்பாடு. நானும் கிளம்பினேன்.

"எல்லாருக்கும் சொல்லியாச்சுல்லா," என்றார் அருள்ராஜ். "இனி எனக்கு ஒரு தடவ சொல்லுங்க. சிலிண்டரு, ரப்பரு எல்லாம் வேண்டாம். அன்னைக்கு நான் என்ன செஞ்சேன்னு மட்டும் சொல்லுங்க."

"நீங்க பிரேக்கத்தான் மிதிச்சீங்க அருளு. பெடல் கீழ போயிருச்சு."

"இன்னொருக்கா."

மறுபடியும் சொன்னேன். மூன்றாம் தடவை அவர் கேட்கவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, போகும்போது கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னார்.